குதிரைக்கு ஊரில் என்ன வேலை?

ஈரோடு மாவட்டத்து அந்தியூர் ஆடிச் சந்தையைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு விஷயங்கள் தவறாமல் வந்து விழும். திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கேதான் குதிரை வாங்கினார் என்பது ஒன்று. நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் குதிரை ஒத்துவராது, அதனால்தான் காலங்காலமாக வெளியிலிருந்து வாங்கினோம் என்பது இன்னொன்று. பல சமயம் ஒரே ஆள் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்வார். எனக்கு இதில் நெடுநாளாக ஓர் உறுத்தல். ஒரு சுல்தானின் படைக்கே குதிரை கொடுத்த சந்தை என்றால், சுற்றுவட்டாரத்தில் யாரோ பெட்டை வைத்துக் குட்டி எடுத்திருக்க வேண்டும். மண்ணே ஒத்துவராது என்றால், அன்றைக்குச் சந்தையில் நின்றது எந்த ஊர்க் குதிரை? திப்பு கதை ஊர்ப் பெருமை, அதை நான் அசைத்துப் பார்க்கப் போவதில்லை. இரண்டாவது பேச்சைத்தான் என்னால் அப்படியே விழுங்க முடியவில்லை.

சந்தையைத் தெரியாதவர்களுக்காக நான்கு வரி. புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூடுவது அது. ஒரு பக்கம் பர்கூர் மலையிலிருந்து இறக்கிய செம்பழுப்பு மாடுகள், வெள்ளைத் திட்டோடு. இன்னொரு பக்கம் காங்கேயம் காளைகள். குதிரைப் பந்தல்களில் நிற்பவை பெரும்பாலும் மார்வாரி, கத்தியவாரி, வெள்ளை நோக்ரா இனங்கள். காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து தொட்டுக்கொள்ளும் மார்வாரியைச் சுற்றித்தான் எப்போதும் கூட்டம். பல்லைப் பார்த்து வயதைச் சொல்வார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுக் குளம்பைப் பார்ப்பார்கள், அப்புறம் விலை பேசத் தரகர் துண்டைப் போட்டு விரலைப் பிடிப்பார். இந்தக் குதிரைகளின் ஊரைக் கேட்டால் ராஜஸ்தான், குஜராத் என்றுதான் பதில் வரும். மாட்டுப் பக்கம் கேட்டால், பக்கத்து மலையும் பக்கத்துத் தாலுகாவும். இந்த வித்தியாசத்தைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டே போன பிறகு, வெயிலைக் காரணம் சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைந்துவிட்டது. அதே வெயிலில்தானே மாடும் நிற்கிறது?

வாலுக்கும் விலை கொடுத்த காலம்

மண் ஒத்துவராது என்ற பேச்சுக்கு வயது எழுநூறு வருடத்துக்கு மேல். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ அதைத்தான் சொன்னார். இங்கே ஆண்ட ஐந்து சகோதரர்களும் ஆளுக்கு இரண்டாயிரம் குதிரை வருடந்தோறும் வாங்குகிறார்கள், வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை, நல்ல ஆண் குதிரையையும் நல்ல பெட்டையையும் சேர்த்தாலும் கோணல் கால் குட்டிதான் பிறக்கிறது என்று எழுதிவைத்தார். பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் கணக்கு இன்னும் பெரிது. வருடத்துக்குப் பத்தாயிரம் குதிரைகள், ஒவ்வொன்றும் 220 தினார். வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெயும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்துக் குதிரையைக் கெடுத்தார்கள் என்று அவருக்கு வருத்தம்.

எனக்கு இந்தச் சாட்சிகளில் முக்கியமாகப் படுவது வேறு ஒரு தகவல். குதிரை வணிகர்கள் லாடம் அடிப்பவர்களையும் குதிரை வைத்தியம் தெரிந்தவர்களையும் இந்தப் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்று போலோவே சொல்கிறார். சாகச் சாகத்தான் அடுத்த கப்பலுக்கு வியாபாரம். 15ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தை ஆண்ட சாளுவ நரசிம்மர், கடலில் செத்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினாலே உயிருள்ள குதிரைக்கான விலையைக் கொடுத்தார் என்று போர்த்துகீசிய வணிகர் நூனிஸ் பதிவு செய்திருக்கிறார். வாங்குபவன் இந்த அளவுக்கு அவசரத்தில் இருக்கும்போது, உங்கள் ஊரில் குதிரை பிறக்காது என்று விற்பவன் சொன்னால் அதை அப்படியே சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. கடற்கரையில் ஈரக்காற்றும் பொருந்தாத தீனியும் அரபுக் குதிரைகளைக் கொன்றிருக்கும், அதை நான் மறுக்கவில்லை. காயல்பட்டினக் கரையில் நடந்ததை ஒட்டுமொத்தத் தமிழகத்துக்கும் தீர்ப்பாக எழுதியதைத்தான் மறுக்கிறேன்.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். இறக்குமதி நமக்கு அதற்கும் முந்தைய பழக்கம். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியாகக் குதிரை வந்ததைச் சங்கப் பாட்டு சொல்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்து, அதாவது கேரளப் பக்கத்து, குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். வாதவூரர், அதாவது மாணிக்கவாசகர், கதையிலும் பாண்டியன் அவரிடம் பொன்னைக் கொடுத்துக் குதிரை வாங்கிவரத்தான் அனுப்பினான். லாயம் கட்டிக் குட்டி எடுக்கச் சொல்லவில்லை. அரசனுக்கு வாங்குவது கைவந்தது. கேள்வி அரசனைப் பற்றியதாக இருந்தவரை எனக்கும் விடை கிடைக்கவில்லை. குடியானவன் ஏன் வளர்க்கவில்லை என்று கேட்கத் தோன்றியதே, சந்தையில் ஒரு பெரியவரோடு உட்கார்ந்து பேசிய பிறகுதான்.

பெரியவர் போட்ட கணக்கு

அவர் பவானிப் பக்கம். இளவயதில் குதிரை வண்டி ஓட்டியவர். இப்போது பேரன் குதிரை வாங்க வந்திருந்தான், இவர் துணைக்கு. பேரன் ஆண் குதிரைகளையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். ஓரமாக ஒரு சினைப் பெட்டை நின்றது, நல்ல உடம்பு, அமைதியான கண். விலையும் சகாயமாகத்தான் சொன்னார்கள். ஒருவரும் நின்று பார்க்கவில்லை. "ஏனுங்க ஐயா, இத வாங்குனா ஒண்ணுக்கு ரெண்டாச்சே?" என்று நான் கேட்டேன்.

"தம்பி, மாடு சினையா இருந்தா ஊட்டுக்கு லாபமுங்க. இது சினையா இருந்தா ஊட்டுக்குச் செலவு" என்றார். பிறகு விரலை மடக்கினார். வயிற்றில் பதினோரு மாதம். பிறந்த குட்டி தாயை விட்டுப் பிரிய ஆறு மாதம். அப்புறம் முதுகில் ஆள் ஏற்றவோ வண்டியில் பூட்டவோ மூன்று வயது தாண்டவேண்டும். பூட்டிப் பழக்க இன்னும் சில மாதம். "நாலு வருசம் கையக் கட்டிக்கிட்டுக் கொள்ளு போடோணும். பாலு கறக்க முடியாது, ஏரு பூட்ட முடியாது. அதுக்கு ஊருக்குள்ள என்ன வேலை இருக்குதுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

என்னிடம் பதில் இல்லை. அதுவரை நான் படித்ததெல்லாம் வெயில், மண், புல், தீனி என்று குதிரையின் உடம்பைப் பற்றியே இருந்தது. அவர் கேட்டது குதிரையை வைத்திருப்பவன் வீட்டு வரவுசெலவை. பெட்டைக் குதிரைக்கு அமைதிக் காலத்தில் குடியானவன் வீட்டில் வேலை இருந்தால் அங்கே குட்டி பிறக்கும். வேலை இல்லையென்றால் எந்த மன்னன் எவ்வளவு பொன்னை நீட்டினாலும் பிறக்காது. அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்தபோதே எனக்கு இது பிடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு படித்தது எதுவும் அதை அசைக்கவில்லை.

மாட்டோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவு. காளைக்குத் திமில் இருக்கிறது, நுகத்தடி அதில் வாகாக உட்காரும். குதிரையைப் பூட்ட வேண்டுமென்றால் கழுத்துப்பட்டையும் வாரும் வேண்டும். நெல்வயல் சேற்றில் குதிரை இறங்காது. மாடு அசைபோடும் பிராணி, வைக்கோலையும் சோளத்தட்டையும் தின்றுவிட்டு உழைக்கும். குதிரைக்கு இரைப்பை ஒன்றுதான். வெறும் வைக்கோலில் அது தேறாது, தீனி மாறினால் வயிற்றுவலி வந்து ஒரே இரவில் செத்தும் போகும். பசு கன்று போட்டால் பால், எருது ஆனால் உழவு, கிழடானாலும் எரு. போரே வராத ஊரிலும் மாடு தன் சோற்றைத் தானே சம்பாதித்துவிடும்.

கொரங்காடும் அம்ரித் மஹாலும்

அதனால்தான் மாட்டு வளர்ப்பில் நம் பகுதி எவ்வளவு தூரம் போனது என்பதைப் பார்க்கவேண்டும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம். மழை குறைந்த மண்ணில் உழவுக்கு ஆகாத நிலத்தை மேய்ச்சலுக்கென்றே கட்டிக் காத்த ஏற்பாடு அது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் காங்கேயம் இனத்தைத் தேர்ந்து பெருக்கியது இந்தப் புல்லை நம்பித்தான். அந்தப் புல்லில் குதிரை மேய்ந்தால் சாகுமா? சாகாது. நம் சிறு நகரங்களில் குதிரை வண்டி ஓடிய நாட்களில் மட்டக் குதிரைகள் இதே ஊர்ப் புல்லையும் கொள்ளையும் தின்றுதான் ரயிலடிக்கும் பஸ் நிலையத்துக்கும் ஓடின. மைசூர்ப் பக்கம் குணிகலில் இருக்கும் பண்ணை பந்தயக் குதிரைகளையே பெருக்கியது. இவ்வளவும் கண்முன் இருக்க, தென்னாட்டில் குதிரை பிறக்காது என்று எப்படிச் சொல்வது?

மைசூரிலும் போருக்காக உருவான வளர்ப்பில் நிலைத்து நின்றது மாடுதான். மைசூர் அரசர்கள் தொடங்கி, ஹைதரும் திப்புவும் பெருக்கிய அம்ரித் மஹால் மாடுகள் பீரங்கி இழுக்கப் பிறந்தவை. வேகத்துக்கும் தாக்குப்பிடிப்பதற்கும் அவற்றுக்கு இணையில்லை என்று எதிரிகளே பாராட்டினார்கள். 1799இல் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அந்த மந்தை ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. பிற்பாடு வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி அந்த மாடுகளின் அருமையை நன்றாக அறிந்திருந்தார். மந்தை அரசாங்கத்துடையது என்றாலும், அந்த ரத்தம் ஊர் மாடுகளிலும் கலந்தது, ஊர் மாடு ஏர் உழுதது, வண்டி இழுத்தது. போர் நின்ற மறுநாளும் அந்த மாட்டுக்கு வேலை இருந்தது. குதிரைக்கு அப்படி ஒரு மறுநாள் நம் ஊரில் கிடைக்கவில்லை.

1790இல் சந்தை எப்படி இருந்திருக்கும்?

திப்பு கதைக்குத் திரும்பவேண்டும், ஏனென்றால் அவருக்கும் கம்பெனிக்கும் நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் நம் பகுதி வழியாகவே நடந்தது. 1790இல் கம்பெனித் தளபதி ஜெனரல் மெடோஸ் கரூர் வழியாக வந்து கோயம்புத்தூர்ச் சீமைக்குள் நுழைந்தார். அவர் படையின் கர்னல் ஃபிளாய்டு சத்தியமங்கலத்தில் நின்றார். செப்டம்பரில் திப்பு கஜலஹட்டி கணவாய் வழியே இறங்கி அவரைப் பின்வாங்க வைத்தார். பிறகு ஈரோடும் தாராபுரமும் மறுபடி கை மாறின. அந்தியூர் இந்த வழிகளுக்கு நடுவே, பர்கூர் மலையடிவாரத்தில், மைசூர் நாட்டுக்கு ஏறும் பாதையில் இருக்கிற ஊர். படைகள் அக்கம்பக்கத்திலேயே அலைந்த அந்த மாதங்களில் சுற்றுவட்டாரத்தில் வியாபாரம் நின்றிருக்காது. தீனி, கயிறு, லாடம், சேணம், உப்பு, தானியம், எல்லாவற்றுக்கும் ஆள் இருந்திருப்பார்கள். விலையும் ஏறியிருக்கும்.

ஆனால் போர்க்காலச் சந்தையில் நின்ற குதிரைகளைப் பற்றி எனக்கு ஒன்று நிச்சயமாகத் தோன்றுகிறது. அவற்றில் அதிகமும் கை மாறிய குதிரைகளாகத்தான் இருக்கும். அந்தப் போர் 1790 முதல் 1792 வரை. போர் தொடங்கிய அன்று பெட்டையை ஆண் குதிரையோடு சேர்த்திருந்தால், உடன்படிக்கை கையெழுத்தானபோது குட்டிக்கு ஏறக்குறைய ஒரு வயதுதான் ஆகியிருக்கும். பெரியவர் விரல் மடக்கிச் சொன்ன நாலு வருடத்தை எந்தப் படைத்தலைவனாலும் சுருக்க முடியாது. அப்படியானால் படை வாங்கியது எதை? செத்த வீரனின் குதிரை, எதிரியிடம் பிடித்த குதிரை, கடனுக்கு விட்ட குதிரை, வடக்கிலிருந்து வணிகர்கள் நடத்திக்கொண்டுவந்த குதிரை. போர் தீவிரமானால் வண்டிக்காரனின் மட்டமும் சினைப் பெட்டையும்கூடத் தப்பாது. அடுத்த குட்டிக்கு வழி இருந்த ஒன்றிரண்டு பெட்டைகளையும் போர் கூட்டிக்கொண்டு போய்விடும். அதிக விலை கிடைப்பதால் வளர்ப்பு பெருகும் என்று நாம் சுலபமாக நினைக்கிறோம். நாலு வருடம் காக்கவேண்டிய பொருளுக்கு இரண்டு வருட விலையேற்றம் வந்தால், இருப்பதை விற்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம். எந்தக் குடியானவனும் அதைத்தான் செய்வான், நானும் அதையே செய்வேன்.

சொந்தக் குதிரையோடு படையில் சேர்ந்தவர்கள் பாடும் லேசானது இல்லை. சிலாதார் முறை என்பார்கள். குதிரை ஆளுடையது, சம்பளம் ஆளுக்கும் குதிரைக்கும் சேர்த்து. குதிரை செத்தால் பிழைப்பு போச்சு. அதனால் அப்படிப்பட்டவன் தன் குதிரையைக் குண்டுக்கு முன் நிறுத்தத் தயங்குவான் என்று அந்தக் காலத்துத் தளபதிகள் குறைப்பட்டிருக்கிறார்கள். எனக்கு அவன் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆங்கிலேயரின் இந்தியக் குதிரைப்படையிலும் இந்த முறை நெடுங்காலம் தொடர்ந்தது. முதல் உலகப் போர் வந்து, செத்த குதிரைகளுக்கு மாற்று வாங்க முடியாமல் திணறியபிறகுதான் கைவிட்டார்கள்.

வியாபாரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். திப்புவோ கம்பெனியோ தன் சொந்தக் கிடங்கை மட்டும் நம்பிப் போர் செய்யவில்லை. பொதிமாடுகளில் தானியம் ஏற்றிப் படைகளின் பின்னால் போன லம்பாடிகள் இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் பட்டினி. 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போன கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ், இழுவை மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்ததால் தன் கனத்த பீரங்கிகளைத் தானே உடைத்துப்போட்டுவிட்டுத் திரும்பினார். அவரைக் காப்பாற்றியது அடுத்த சில நாட்களில் வந்துசேர்ந்த கூட்டாளி மராத்தியப் படையும் அதோடு வந்த கடைவீதியும். மைசூர் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ் அந்தக் கடைவீதியில் என்னென்ன விற்றார்கள் என்று ஒரு பட்டியல் தருகிறார். இங்கிலாந்துக் கம்பளித் துணி, பர்மிங்காம் பேனாக்கத்தி, காஷ்மீர்ச் சால்வை, உயர்ந்த வைரம், மாடு, ஆடு, கோழி, கொங்கணக் கருவாடு. அதே பட்டியலில், கொள்ளைபோன ஏதோ ஒரு கிராமத்து ஏழைப்பெண்ணின் வெள்ளித் தோடும் இருக்கிறது. போர்க்காலத்தில் வியாபாரம் செழித்தது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தத் தோடு நினைவுக்கு வருகிறது. பொருள் நிறைய விற்றது உண்மை. அவற்றில் எது விளைந்து வந்தது, எது பறித்து வந்தது என்று கேட்காமல் அதைச் செழிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஈரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைதர் காலத்தில் 3,000 வீடுகள் இருந்த ஊர் என்று பழைய அரசுப் பதிவு சொல்கிறது. மராத்தியர், மைசூர், ஆங்கிலேயர் என்று படைமேல் படை வந்து ஊரே காலியானது. அமைதி வந்த ஒரு வருடத்துக்குள் 400 வீடுகளும் 2,000 பேரும் திரும்பிவிட்டார்கள். திரும்பியவர்கள் முதலில் என்ன வாங்கியிருப்பார்கள்? ஒரு ஜோடி எருது. வீடு கட்டவும் வயல் திருத்தவும் அதுதான் வேண்டும். குதிரை வாங்கும் நிலையில் அங்கே யார் இருந்திருப்பார்கள்?

வேலை இருந்த ஊர்கள்

என் கருத்துக்கு எதிராக ஒரு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். மராத்திய நாட்டில் பீமா நதிக்கரையில் நல்ல தக்காணிக் குதிரைகள் பிறந்தனவே, அங்கேயும் எருதுதானே உழுதது? உண்மை. அங்கே குடியானவனே படைவீரனாகவும் இருந்தான். மழைக்கு ஊரில் இருந்து விதைப்பான், தசரா முடிந்ததும் குதிரையேறிப் போய்விடுவான். பெட்டை அவன் வீட்டுக் கொட்டிலிலேயே நின்றது. வருடந்தோறும் வேலை இருந்தது, அந்த வேலையின் பெயர் போர் என்றாலும். 1818இல் மராத்திய அரசு வீழ்ந்து அந்த வேலை முடிந்ததும், பீமாக்கரைக் குதிரைகளின் எண்ணிக்கையும் இறங்கத் தொடங்கியது. மண் மாறவில்லை, வெயில் மாறவில்லை. சவாரி மட்டுமே நின்றது.

கம்பெனியும் தன் பணத்தைக் கொட்டிப் பார்த்தது. பீகாரில் பூசா என்ற இடத்தில் பண்ணை வைத்து, 1808 முதல் வில்லியம் மூர்கிராஃப்ட் என்ற கால்நடை மருத்துவரை மேற்பார்வைக்கு நியமித்தார்கள். நல்ல குதிரை தேடி அவர் இமயமலை தாண்டி மத்திய ஆசியாவின் புகாரா வரை போனார், 1825இல் அந்தப் பயணத்திலேயே இறந்தார். இத்தனை உழைப்புக்குப் பிறகும், 1870களில் அந்தப் பண்ணைத் துறையையே மூடினார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் குதிரை இறக்குவதே மலிவு என்று ஆகிவிட்டது. சென்னையிலும் அப்படி இறங்கின. பாண்டியன் செய்ததையே விக்டோரியா மகாராணியின் அரசும் செய்தது, அரபுக் கடலுக்குப் பதிலாக வேறு கடல்.

எனக்கு எல்லாவற்றையும்விட வலுவான சாட்சி பஞ்சாபில் கிடைத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜீலம் கால்வாய்ப் பாசனப் பகுதியில் நிலம் கொடுத்தபோது, படைக்கு ஏற்ற குட்டி போடக்கூடிய பெட்டைக் குதிரை ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பதையே நிபந்தனையாகப் போட்டார்கள். பெட்டை இல்லையென்றால் நிலத்துக்கே ஆபத்து. பாசன நிலத்தை விலையாகக் கொடுத்தால்தான் ஒருவன் பெட்டையைக் கட்டித் தீனி போடுவான் என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டதாகத்தான் நான் இதைப் படிக்கிறேன். குதிரைக்குப் பேர்போன பஞ்சாபிலேயே இந்த நிலை என்றால், அப்படி எந்தச் சலுகையும் இல்லாத கொங்குநாட்டுக் குடியானவன் குதிரை வளர்க்கவில்லை என்று குறை சொல்ல நமக்கு என்ன இருக்கிறது?

மாறாக இங்கிலாந்தைப் பார்த்தால், அங்கே ஏர் உழுததே குதிரை. 1914 ஆகஸ்டில் போர் வந்தபோது ராணுவத்திடம் இருந்தவை சுமார் 25,000. சில நாட்களில் கிராமங்களுக்குப் போய், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை விலை கொடுத்துப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அறுவடை நேரம் அது. ஏர்க் குதிரையும் பால்வண்டிக் குதிரையும் போனதில் அங்கத்தியக் குடியானவர்கள் பட்ட பாடு தனிக் கதை. அத்தனை குதிரை அவ்வளவு சீக்கிரம் கிடைத்தது எப்படி என்பதுதான் நமக்கு வேண்டியது. அமைதிக் காலம் முழுக்க ஒவ்வொரு பண்ணையும் தன் சொந்த வேலைக்காகப் பெட்டைகளை வைத்துக் குட்டி எடுத்துக்கொண்டிருந்தது. வசந்த காலத்தில் பொலிகுதிரையை நடத்திக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போகும் ஆட்களே அங்கே தனித் தொழிலாக இருந்தார்கள். நம் ஊரில் பொலிகாளைக்கு இருந்த இடம் அங்கே அந்தக் குதிரைக்கு.

இப்போது

சந்தையில் அந்தப் பேரன் கடைசியில் ஒரு ஆண் குதிரையைத்தான் வாங்கினான். கல்யாண ஊர்வலத்துக்கு விடப்போவதாகச் சொன்னான். உயரமும் வெள்ளை நிறமும் வேண்டும், மேளம் அடித்தால் மிரளக்கூடாது, இரண்டு கால் தூக்கி ஆடினால் இன்னும் நல்லது. இன்று கொங்குப் பகுதியில் குதிரைக்கு மறுபடி வேலை கிடைத்திருக்கிறது. ஊர்வலம், கோயில் விழா, வண்டிப் பந்தயம், சினிமா, கோயம்புத்தூர்ப் பக்கம் பிள்ளைகளுக்குச் சவாரிப் பயிற்சி. அந்த வேலையை நம்பிச் சில தோட்டங்களில் மார்வாரிப் பெட்டைகளை நிறுத்திக் குட்டி எடுக்கவும் ஆரம்பித்திருக்கிறார்கள். அந்தக் குட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். கால் நேராகத்தான் இருக்கிறது, நம் வெயிலில்தான் ஓடுகிறது, கொழுக்கட்டைப் புல்லையும் மேய்கிறது.

அப்படி வளர்ப்பவர்களில் ஒருவரிடம் பேசியபோது, குட்டியை விற்பது கஷ்டமில்லை, அது விற்கும் வயது வரும்வரை தாக்குப்பிடிப்பதுதான் கஷ்டம் என்றார். ராஜஸ்தான் குதிரை என்றால் தேடிவந்து வாங்குகிறவர்கள், இங்கே பிறந்தது என்றால் விலையைக் குறைக்கிறார்களாம். எழுநூறு வருடப் பேச்சின் பலன் இன்றைக்கும் ஒரு வளர்ப்புக்காரரின் கையில் குறைகிற பணமாக வந்து நிற்கிறது. அதனால் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. ஆடிச் சந்தையில் குதிரைகளுக்குப் பரிசு கொடுக்க நினைப்பவர்கள் உயரத்துக்கும் ஆட்டத்துக்கும் கொடுப்பதோடு, ஈரோடு, திருப்பூர், சேலம் பக்கம் பிறந்த குட்டிக்கும் அதன் தாய்க்கும் ஒரு பரிசு ஒதுக்கலாம். பெட்டையைக் கொட்டிலில் கட்டி நாலு வருடம் தீனி போட்டவருக்கு, அது கொள்ளு மூட்டைக்காவது ஆகும்.